நின்றபடி பேசிய இங்கிலீஷ்

விடியலில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில், பெண்கள் பெட்டியின் நடுவாக்கில் ஒரு ஜன்னலோர இருக்கை குணசுந்தரிக்குச் சொந்தம். பாஸில் அப்படி ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை. ஆனாலும் விவரம் தெரியாமல் புதிதாக யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், புற்றின் மேல் பையை இறக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல மற்றவர்கள் அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே அவள் எழுந்துவிடுவாள்.

மாரிகுப்பம்தான் அந்தத் தடத்தில் கடைசி ஸ்டேஷன். காலையில் மட்டும் அது முதல் ஸ்டேஷன். அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு பெட்டி முழுக்கக் காலியாகக் கிடைக்கும்; காலை நீட்டி, டிபன் பாக்ஸை ஒரு இருக்கையிலும் துப்பட்டாவை இன்னொன்றிலும் பரப்பி, ஜமீன்போல வருவார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வண்டி நின்று நின்று நிரம்பும். பங்காருபேட்டை வரும்போது நிற்கத்தான் இடம். அங்கே ஏறுகிறவர்கள் பெங்களூர்வரை கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான்.

அப்படித் தொங்கியவர்களில் ஒருத்தி நளினி. மெஜஸ்டிக் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். வாய் நீளம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் கம்பியிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டே விட்டாள்.

"நீங்கல்லாம் பொறக்கறப்பவே சீட்டோட பொறந்தீங்களா? நாங்க இன்னா தொங்கறதுக்குன்னே பொறந்தமா?"

பெட்டி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மாலூர் தாண்டியும் ஓயவில்லை. அப்போதுதான் குணசுந்தரி ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"சும்மா எவளும் எழுந்திரிக்க மாட்டா. தப்பு பண்றவ எழுந்திரிக்கட்டும்."

"இன்னா தப்பு?"

"இங்கிலீசுத் தப்பு."

அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. பங்காருபேட்டையிலிருந்து மாலூர்வரை இங்கிலீஷில் மட்டுமே பேசுவது. பெங்களூரில் வேலைக்குப் போய் வாயடைத்துப் போனவர்கள், தங்களுக்குள் பேசிப் பழகலாம் என்று ஆரம்பித்தது. அதில் தப்பு செய்கிறவள் தன் இருக்கையை நின்றுகொண்டிருக்கும் ஒருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் குணசுந்தரியின் தீர்ப்பு. நிற்கிறவர்கள் கைதட்டினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாத் தப்பையும் பிடித்தால் பெட்டியே காலியாகிவிடும் என்று முறையிட்டார்கள். நியாயம்தானே. அதனால் சின்னச் சின்ன வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்வதாக முடிவானது. இன், ஆன், அட், டு, ஃபார், வித். குணசுந்தரி அவற்றுக்கு வைத்த பெயர் கொக்கி.

"பாரு, ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவுல கொக்கி மாட்டறானில்ல, அந்த மாதிரி. நம்ம தமிழ்ல கொக்கி பின்னாடி. வீட்டுல, வீட்டுக்கு, வீட்டுலேர்ந்து. இங்கிலீசுக்காரன் முன்னாடி மாட்டறான். நாம இன்னா பண்றோம்? நம்ம கொக்கிய மனசுல வச்சிக்கினு அவன் கொக்கியத் தேடறோம். அதான் எசகுபிசகா மாட்டிக்குது."

நீதிபதியும் அவளேதான். வேறு யாருக்கும் அந்தக் கொக்கிகள் அத்தனையும் தெரியாது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அவளுடைய ஆட்சி. ஒருத்தி தன் மேனேஜர், "ஆங்ரி ஆன் மீ" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். சுற்றியிருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். குணசுந்தரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொல்வாள்: "என் மேல கோவம்னு தமிழ்ல நெனச்சே. அங்க மேலயும் இல்ல கீழயும் இல்ல. ஆங்ரி வித். எழுந்திரு." அழாத குறை தீர்ந்து அவள் அழுதேவிடுவாள். இன்னொருத்தி தன் அக்கா, "மேரீட் வித் டாக்டர்" என்று பெருமை பேசினால், "அவனோட கல்யாணம்னா வித் போட்டுடுவியா? மேரீட் டு. எழுந்திரு." கல்யாணச் சந்தோஷம் அங்கேயே கம்பியில் தொங்கும். "டிஸ்கஸ் அபௌட்" என்று யாராவது வாயெடுத்தால், அபௌட் முழுசாக வெளியே வருவதற்குள் பக்கத்தில் நிற்கிறவள் பையை இறக்கிவிடுவாள், உட்காரத் தயாராக. "டிஸ்கஸ்லயே 'பத்தி' இருக்குது. மேல எதுக்கு ஒரு பத்தி, சாம்பிராணியா போடற?"

பூதிகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து பங்காருபேட்டையில் ஏறும் ரோஜா, ஏதோ ஒரு மாலில் உதட்டுச்சாயம் விற்கிறவள், இந்த விளையாட்டில் ரொம்பக் கெட்டிக்காரி. தான் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவர்களிடம் பாசமாகக் கேள்வி கேட்பாள். "அக்கா, யுவர் சன், ஹீ இஸ் குட்... எதுலக்கா?" என்பாள். அவர்கள் "குட் இன் கிரிக்கெட்" என்று பூரித்துச் சொன்னதும், தீர்ப்புக்காகக் குணசுந்தரியின் முகத்தைப் பார்ப்பாள். "குட் அட்." ரோஜா உட்கார்ந்துவிடுவாள்.

இத்தனை ஆண்டுகளில் குணசுந்தரி ஒருமுறைகூட எழுந்ததில்லை. நளினி அதற்காகத்தான் காத்திருந்தாள். அந்த ஜன்னலோரத்தின் மேல் அவளுக்கு ஒரு கண் அல்ல, இரண்டு கண்ணும் இருந்தன.

குணசுந்தரி தப்பே செய்யாததன் ரகசியம் மிகவும் எளிமையானது. அவள் இங்கிலீஷ் பேசியதே இல்லை.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவள் எதற்காக வாதாட வேண்டும்? கொக்கியை மட்டும் எடுத்துப் போடுவாள். முழு வாக்கியம் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. யாராவது நேராகக் கேள்வி கேட்டால் வண்டி ஏதாவது பாலத்தின்மேல் போய்க்கொண்டிருக்கும், அல்லது அவளுக்கு இருமல் வரும்.

இந்தக் கோளாறு தொடங்கிய இடம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தை மூடிய காலம். அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்த அப்பா வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவிடமும் இங்கிலீஷ் இருந்தது. ஷிஃப்ட், ஷாஃப்ட், லெவல், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ். எல்லாம் பெயர்கள். கொக்கி மட்டும் தமிழ்: ஷிஃப்ட்டுக்குப் போனேன், லெவல்ல இருந்தேன், கேஜ்லேர்ந்து எறங்கினேன். அதை வைத்துக்கொண்டே அவர் பூமிக்குள் ஒரு ஆயுசைக் கழித்துவிட்டு மேலே வந்தார். மகளுக்கு அது போதாது என்று நினைத்து டைப்ரைட்டிங்குக்கு அனுப்பினார். அங்கே ஒரு டியூஷன் வாத்தியார், 'சாதாரணமாகச் செய்யும் தவறுகள்' என்று தன் மாணவர்களுக்குத் தரும் தாள்களை அவளிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். இடது பக்கம் தப்பு, வலது பக்கம் சரி. இரண்டு வருஷம் அதையே அடித்தாள். தப்புகளெல்லாம் விரல் வழியாக உடம்பில் ஏறிவிட்டன. ஒரு சாலையிலுள்ள குழிகள் எல்லாம் மனப்பாடம். வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது. அப்படி ஒரு இங்கிலீஷ் அவளுடையது.

அது பிழைப்புக்கும் போதுமானதாகவே இருந்தது. பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் பழைய ஃபைல்களை அடுக்கி வைக்கும் பின்னறையில் வேலை. ஃபைல்கள் எந்த மொழியிலும் பேசுவதில்லை. நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பாள். இருக்கும் இடம் தெரியாமல் இருப்பாள். மறுநாள் காலை ரயிலில் ஏறியதும் மகாராணி.

ஒருநாள் மத்தியானம் மேனேஜர் ரூபேஷ் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றான். பெங்களூர்ப் பையன், தமிழுக்குக் கன்னடச் சட்டை போட்டு அனுப்புவான்.

"குணா மேடம், ஒரு விஷயா. இந்த ரூம் க்ளோஸ் ஆகுது. ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டுட்டோம் அல்லவா."

"அப்ப நான் சார்?"

"ஃப்ரண்ட் டெஸ்க்ல ஒரு ஆள் வேணும். நான் உங்க பேரு கொடுத்திருக்கேன். பரோ மாசம், அதான் வர்ற மாசம், முதல் திங்கட்கிழமை டாக்டர் மேடம் உங்க கூட இங்கிலீஷ்ல கொஞ்சம் பேசுவாங்க. அவ்வளவுதான். ஓகே ஆனா ஃப்ரண்ட் டெஸ்க்."

"ஓகே ஆவலன்னா?"

ரூபேஷ் காலி அலமாரிகளைப் பார்த்தான். அவையே பதில் சொல்லிவிட்டன.

அன்று மாலை வீடு திரும்பியதும் கணவன் சிவகுமாரிடம் விஷயத்தைச் சொன்னாள். ஆண்டர்சன்பேட்டையில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

"இதுல இன்னா கஷ்டம்? ஊருக்கே நீதான இங்கிலீசு சொல்லித் தர. ரயில்ல உன்னைப் பாத்தா நடுங்கறாங்கன்னு கேள்வி."

"சொல்றது வேற. பேசறது வேற."

"ஏன்?"

"பேசுனதே இல்லய்யா."

சிவகுமார் சிரிக்கக் கூடாது என்று நினைத்தான். முடியவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எங்கிட்ட பேசு. பழகு" என்றான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐ..." என்றாள். அதற்குப் பின்னால் வரிசையாகத் தப்புகள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன, இடது பக்கம் முழுக்க. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் குழி. ஒரு வாக்கியத்துக்குத் துணிவதற்குள் சிவகுமார் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

குக்கரிடம் பேசிப் பார்த்தாள். அது அவளைவிடத் தெளிவாக விசில் அடித்தது.

பேசிப் பழக அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ரயில்பெட்டி. தினமும் பங்காருபேட்டையிலிருந்து மாலூர்வரை, அதற்காகவே உட்கார்ந்து பேசும் கூட்டம். அங்கே பேச முடியாமல் தன் கையாலேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். ஒரு தப்பு வந்தால் போதும், ஜன்னலோரம் போய்விடும். ஜன்னல் போனால் பரவாயில்லை என்றுகூடச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நளினியின் வாயிலிருந்து "எழுந்திரு" என்ற வார்த்தையைக் கேட்க வேண்டுமே! அத்தனை பேரையும் எழுப்பியவள். ஒவ்வொருத்தியும் ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசைப்படுவாள். மாலூர்வரை அது எதிரொலிக்கும்.

வாரங்கள் கரைந்தன. ஒருநாள் சாயங்காலம், திரும்பும் வண்டிக்காகக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில் நின்றபோது அவளுக்கு ஒரு குறும்பு யோசனை வந்தது. போன் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை அழுத்தினாள். கன்னடத்துக்கு ஒன்று என்றது. இங்கிலீஷுக்கு இரண்டு என்றது. இரண்டை அழுத்தினாள். முகம் தெரியாதவன், சீட்டைப் பிடுங்க முடியாதவன்.

"குட் ஈவினிங், திஸ் இஸ் பிரதாப். ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?"

"ஐ..." என்றாள் குணசுந்தரி. பிறகு, "ஐ ஹேவ் ப்ராப்ளம்" என்றாள். சொல்லி முடித்தபின்தான் தன்னிடம் எந்தப் பிராப்ளமும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஷ்யூர் மேடம். வாட் இஸ் தி ப்ராப்ளம்?"

"மை போன்... மை போன் இஸ்... குட்."

"ஓகே மேடம். ஸோ, தி போன் இஸ் குட்."

"எஸ்."

எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடத்துக் கடந்தது. குணசுந்தரி போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். "இன்னாடா இது, தொண்டையிலயே மாட்டிக்கினு வரமாட்டேங்குது..."

மறுமுனையில் குரல் சட்டென்று இறங்கியது. "மேடம்... நீங்க கேஜிஎஃபா?"

"ஐயோ! ஆமாப்பா. நீ?"

"சாம்பியன்க்கா. மெதுவா பேசுங்க, கால் ரெகார்டு ஆவுது. தமிழ்ல பேசுனா எனக்கு மார்க்கு போயிடும். உங்களுக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இங்கிலீசு பேசிப் பாக்கலாம்னு போட்டேன்."

பிரதாப்புக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், இருமலாக மாற்றிக்கொண்டான். தினமும் அவனுக்குக் கோபக்காரர்கள் வருவார்கள், குடிகாரர்கள் வருவார்கள், இப்படி ஒருத்தி வந்ததில்லை.

"உனக்கு மட்டும் எப்படிப்பா வந்துச்சு? தப்பு பண்ணா இன்னா பண்ணுவாங்க?"

"போனை வச்சிடுவாங்க. வேற ஒருத்தர் அடிப்பாரு. ஆரம்பத்துலயே நெறைய திட்டு வாங்கிட்டேங்க்கா. அதுக்கப்புறம் போறதுக்கு ஒண்ணும் இல்ல. வாய் தன்னால தொறந்துக்கிச்சு." அவன் மறுபடி பழைய குரலுக்கு ஏறினான். "தேங்க்யூ ஃபார் காலிங், மேடம்." பிறகு ரகசியமாக, "மெசேஜ் வரும், அஞ்சு ஸ்டார் போடுங்கக்கா."

அஞ்சு போட்டாள். வண்டியில் வழியெங்கும் அவன் சொன்னதையே புரட்டிக்கொண்டு வந்தாள். போறதுக்கு ஒண்ணும் இல்ல. மாலூருக்கும் டேக்கலுக்கும் இடையில் எங்கோ, இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தானாகவே சிரிப்பதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாரிகுப்பத்தில் பெட்டி காலியாக வந்து நின்றது. குணசுந்தரி ஏறினாள். தன் இருக்கைக்கு நேராகப் போனாள். பையை மேலே வைத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காலிப் பெட்டியில் ஒருத்தி நிற்பதைப் பார்த்து உடன் ஏறியவர்கள் மிரண்டார்கள்.

"இன்னாக்கா, உக்காரல?"

"உக்காரல."

"மூலமாக்கா? எங்க மாமாவுக்கும் இப்படித்தான், போன மாசம்..."

"வாய மூடுடி. நல்லாத்தான் கீறேன்."

சாம்பியனில் ஏறியவர்கள் கேட்டார்கள். உரிகத்தில் கேட்டார்கள். கோரமண்டலில் ஒருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குணசுந்தரி அசையவில்லை. பங்காருபேட்டையில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு ஏறியது. முதலில் வந்த நளினி, காலியாக இருந்த ஜன்னலோரத்தையும் அதன் பக்கத்தில் நின்ற குணசுந்தரியையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காரவில்லை. கண்ணியில் வைத்த தானியத்தைக் காக்காய் பார்க்குமே, அப்படி.

வண்டி நகர்ந்தது. இங்கிலீஷ் நேரம் தொடங்கியது. குணசுந்தரி தொண்டையைக் கனைத்தாள்.

"குட் மார்னிங் ஆல்," என்றாள். "யெஸ்டர்டே நைட், மை ஹஸ்பண்ட் வாஸ் ஆங்ரி ஆன் மீ."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு நளினி வீறிட்டாள்.

"ஆங்ரி ஆன்! ஆங்ரி ஆன்! கேட்டீங்களாடி எல்லாரும்? எழுந்திரு!"

எத்தனை வருஷத்து "எழுந்திரு" அது! பெட்டி முழுக்க விசிலும் கைதட்டலும். ஆரவாரம் அடங்கும்வரை குணசுந்தரி காத்திருந்தாள்.

"நின்னுக்கினுதான கீறேன்?"

நளினி குனிந்து அவள் காலைப் பார்த்தாள்.

"மாரிகுப்பத்துலேர்ந்து நிக்கறேன். தண்டனையை முன்னாடியே கட்டிட்டேன். ப்ரீபெய்டு. மிச்சம் கீற வரைக்கும் எவ்ளோ தப்பு வேணா பண்ணுவேன். இன்னா பண்ணுவ?"

அது செல்லுமா செல்லாதா என்று டேக்கல்வரை வழக்கு நடந்தது. ஒருத்தி, தப்புக்கு முன்னால் தண்டனை எந்த ஊரில் உண்டு என்றாள். ரோஜா, "ரீசார்ஜ் பண்ணிட்டுத்தானேக்கா பேசறோம்? பேசிட்டா ரீசார்ஜ் பண்றோம்?" என்றாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவளோ குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தாள். கடைசியில், நிற்கிறவள் பேசலாம், ஆனால் காலியான ஜன்னலோரத்தில் நளினி உட்கார வேண்டும் என்று முடிவானது. நளினி பூஜை அறைக்குள் நுழைகிறவள்போல நுழைந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய கனவு.

குணசுந்தரி ஆரம்பித்தாள். ஐயோ, அந்தப் பேச்சு! அணையில் மதகு திறந்ததுபோலத் தப்பு தப்பாகக் கொட்டியது. புருஷனைப் பற்றி, குக்கரைப் பற்றி, பின்னறை ஃபைல்களைப் பற்றி. ஆனுக்கு இன், இன்னுக்கு அட். டைப் அடித்த இடது பக்கம் முழுவதும் அவள் வாய் வழியாக ஊர்வலம் போனது. ஒரு தப்பைச் சொன்னதும் தானே, "சீ, அது இல்ல" என்று வலது பக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். திங்கட்கிழமை டாக்டர் மேடம் கூப்பிட்டிருப்பதையும், அது சரியாக வராவிட்டால் வேலை இல்லை என்பதையும் அந்த ஓட்டத்தில் சொல்லிவிட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றாள் ஒருத்தி.

"தமிழ்ல சொல்ல வாய் வரல."

அடுத்த நாளிலிருந்து நிற்கிறவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ரோஜா டாக்டர் மேடமாக நடித்தாள். உதட்டைச் சுழித்து, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றாள். இன்னொருத்தி கண் தெரியாத கிழவியாக வந்து டோக்கன் கேட்டாள். நிற்கிறவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, ஆகவே நடைபாதையில் இங்கிலீஷ் வெள்ளமாக ஓடியது. உட்கார்ந்திருந்தவர்களில் சிலர்கூட வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்துவிட்டு எழுந்து வந்து கலந்துகொண்டார்கள். அப்படிக் காலியான இருக்கைகளில், இந்த வழக்கமெல்லாம் தெரியாத ஒரு பூக்காரியும் அவளுடைய கூடையும் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

நளினி மட்டும் ஜன்னலோரத்தில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடும். வெளியே மலைப்பாறைகளையும் தக்காளித் தோட்டங்களையும் உறுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாராவது ஏதாவது கேட்டால் அவளுக்கு இருமல் வந்தது.

குணசுந்தரிக்கு அந்த இருமல் ஏற்கெனவே பழக்கமானதுதான். குனிந்து மெல்லக் கேட்டாள். "இன்னா நளினி, சீட்டு எப்படி கீது?"

"நல்லாத்தான் கீது," என்றாள் நளினி, பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயத்தான் தெச்சுடுது."

திங்கட்கிழமை வந்தது. டாக்டர் மேடத்தின் அறை குளிர்ந்து கிடந்தது. சுவரில் பெரிய கண் படம் ஒன்று அவளையே முறைத்தது. ஓரத்தில் ரூபேஷ் நின்றான், தனக்கே இண்டர்வியூ என்பதுபோல நகத்தைக் கடித்துக்கொண்டு.

"ப்ளீஸ், சிட் டவுன்," என்றார் மேடம்.

குணசுந்தரி உட்கார்ந்தாள். மெத்தென்ற நாற்காலி. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்," என்றார் மேடம், ரோஜா சுழித்த மாதிரி இல்லாமல், அன்பாகவே. ஒரு வார்த்தை வரவில்லை. இடது பக்கம் முழுவதும் கண்முன் வரிசையாக வந்து நின்றது.

ரூபேஷ் அடுத்த நகத்துக்குப் போனான்.

குணசுந்தரி எழுந்து நின்றாள். மேடம் நிமிர்ந்து பார்த்தார். கையில் கம்பி ஒன்றும் இல்லையே என்று அவள் ஒரு கணம் தடுமாறி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸாரி மேடம். சிட்டிங் மீன்ஸ், நோ இங்கிலீஷ். ஸ்டாண்டிங் ஒன்லி, இங்கிலீஷ் கம்ஸ்."

பிறகு வந்தது. மாரிகுப்பம் வந்தது, அப்பாவின் ஷிஃப்ட் வந்தது, எந்த அலமாரியில் எந்த வருஷத்து ஃபைல் என்பது வந்தது. கண் தெரியாமல் வரும் கிழவிகளுக்கு டோக்கன் நம்பரை உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. அது ரயிலில் கிழவியாக நடித்தவள் சொன்னது. நடுவில் தப்புகளும் வந்தன. அவள் நிற்கவில்லை, அதாவது நின்றுகொண்டுதான் இருந்தாள், பேச்சை நிறுத்தவில்லை.

மேடம் பேனாவை மூடினார். "வெரி குட். த்ரீ மந்த்ஸ் ட்ரையல். வீ வில் டிஸ்கஸ் அபௌட் தி சாலரி லேட்டர்."

டிஸ்கஸ் அபௌட்.

குணசுந்தரியின் நாக்கு நுனிக்கு 'எழுந்திரு' வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! கீழுதட்டைக் கடித்து, அதை அப்படியே விழுங்கி, "தேங்க்யூ மேடம்" என்றாள். மேடம் நிம்மதியாக உட்கார்ந்தே இருந்தார்.

ஃப்ரண்ட் டெஸ்க்கில் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மையாகவே அப்படித்தான்: மார்பளவு உயர மேஜை, பின்னால் நாற்காலி கிடையாது. சாயங்காலம் கண்டோன்மென்ட்டில் வண்டி ஏறியபோது கால் இரண்டும் இட்லிப் பானையாக வீங்கியிருந்தன. பெட்டியில் காலைக் கூட்டத்தில் பாதிப்பேர் இருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நளினி தன் ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்தாள். தானாக, யாரும் சொல்லாமல். "உக்காருக்கா," என்றாள். "எனக்கு வாய் அரிக்குது. கொஞ்சம் நின்னு பேசணும்."

குணசுந்தரி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டினாள்.

"அக்கா, என்ன ஆச்சுக்கா? சொல்லுங்க!" என்று ரோஜா குதித்தாள். "இங்கிலீஷ்ல சொல்லணும்!"

எல்லாரும் குனிந்தார்கள். குணசுந்தரி ஜன்னலில் சாய்ந்து, அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஐ காட் இன் தி ஜாப்," என்றாள் நிதானமாக. "வீ டிஸ்கஸ்டு அபௌட் எவ்ரிதிங். ஐ ரீச்சுடு டு ஃப்ரண்ட் டெஸ்க்."

ஒரே மூச்சில் மூன்று. கொண்டாடுவதா, பிடிப்பதா என்று தெரியாமல் பெட்டி திணறியது. நளினிதான் முதலில் சுதாரித்துக்கொண்டு, ஜன்னலோரத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"எழுந்திரு!"

குணசுந்தரி காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

"அவ்ளோ நாளா நின்னேன். பேலன்ஸ் கீதுடி."